யூவி ஓசோன் அனலைசர் ரிவ்யூ: வாங்கியாச்சு, ஆனா பியூரெட்டை இன்னும் பீரோவுல வைக்கல

முதல்லயே சொல்லிடறேன், இது வீட்டுக்கு வாங்குற ஏர் ப்யூரிஃபையர் ரிவ்யூ இல்ல. ஓசோன் ஜெனரேட்டர்லருந்து வர்ற காத்துல ஓசோன் எவ்வளவு இருக்குன்னு லேப்ல உக்காந்து அளக்குறவங்களுக்கு மட்டும் தான். ஆக்ஸிஜன் ஃபீட்ல (அதாவது உள்ள விடுற காத்து ஆக்ஸிஜன்) ஓடுற ஜெனரேட்டர், அவுட்லெட்ல ஒரு நார்மல் கன மீட்டருக்கு (0 டிகிரி, சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்கு மாத்தி சொல்ற கன மீட்டர்) 100 கிராம் கிட்ட ஓசோன், அந்த ரேஞ்சுல ஓடுற டேபிள்டாப் யூவி (புற ஊதா ஒளி) அனலைசர் ஒண்ணு ஆறு மாசமா எங்க லேப்ல இருக்கு. பிராண்ட் பேரை கேக்காதீங்க, கீழ கொஞ்சம் திட்டியிருக்கேன், அதுவும் போக இந்த வகை மெஷின் எதை வாங்கினாலும் பாதி கதை இதே தான்.

ஏன் வாங்கினோம்னா டைட்ரேஷன் பண்ணி பண்ணி கை ஓஞ்சு போச்சு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், ரெண்டு கேஸ் வாஷிங் பாட்டிலை வரிசையா மாட்டி, ஒவ்வொண்ணுலயும் 2 சதவீத பொட்டாசியம் அயோடைடு 200 மில்லி ஊத்தி, ஜெனரேட்டர் காத்தை அது வழியா மெதுவா விடணும். ஓசோன் அயோடைடுலருந்து அயோடினை கிளப்பும், அதனால விட்ட உடனே முதல் பாட்டில் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, ரெண்டாவது பாட்டில் லேசா மஞ்சள் தட்டினா தட்டும், இல்லன்னா அப்படியே தண்ணி மாதிரி நிக்கும். ரெண்டாவதும் நல்லா நிறம் மாறிடுச்சுன்னா ஃப்ளோ ஜாஸ்தி, தூக்கி ஊத்திட்டு முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியது தான். காத்து விட்டு முடிச்ச அப்புறம் தான் நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட் சேக்கணும், பிஎச் 2க்கு கீழ வரணும். இந்த வரிசையை மாத்தி ஆசிட்டை முன்னாடியே ஊத்தி வச்சுட்டு காத்து விட்டா அயோடின் கணக்குக்கு மேல கிளம்பும், ரீடிங் ஏறி நிக்கும், புதுசா வர்ற பசங்க எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்பு இது, நானும் பண்ணியிருக்கேன்.

அப்புறம் பியூரெட்லருந்து (அளவு குறிச்ச, சொட்டு சொட்டா விடுற கண்ணாடிக் குழாய்) தையோசல்ஃபேட், அது அயோடினை தின்னுடும், எத்தனை மில்லி போச்சோ அதுலருந்து ஓசோன் கணக்கு. பழுப்பு குறைஞ்சு வெளிறின வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் ஸ்டார்ச்சை தொடவே கூடாது, முன்னாடியே போட்டா ஸ்டார்ச் அயோடினை கெட்டியா பிடிச்சுக்கும், எண்ட் பாயின்ட் இழுத்துட்டே போகும். வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் போட்டா மொத்தமும் கருநீலம், அங்கிருந்து சொட்டு சொட்டா, கடைசி சொட்டுல பட்டுன்னு நிறமே இல்லாம போகும் பாருங்க, அந்த ஒரு நொடிக்காகவே எனக்கு டைட்ரேஷன் பிடிக்கும். 0.1 நார்மல் (இங்க நார்மல்ங்கிறது கரைசலோட பலம்) தையோசல்ஃபேட் ஒரு மில்லிக்கு 2.4 மில்லிகிராம் ஓசோன், கணக்கு அவ்வளவு தான். ஆனா அந்த 0.1 நிஜமாவே 0.1 தானான்னு பொட்டாசியம் டைக்ரோமேட் வச்சு அப்பப்போ சரி பாக்கணும், கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணில கரைச்சு ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட் போட்டு வச்சா கூட நாளாக நாளாக பலம் குறையும். ஒரு ரீடிங் எடுக்க பாட்டில் கழுவுறது சேர்த்து அரை மணி நேரம். ஜெனரேட்டரோட பவரை மாத்தி மாத்தி எட்டு பாயின்ட் எடுக்கணும்னா அன்னிக்கு முழுக்க நம்ம வேற வேலை பாக்க முடியாது.

இந்த நிலைமைல தான் மெஷின் வந்துச்சு. பெட்டியை பிரிச்சதும் நல்ல அபிப்ராயம் தான். டெஃப்ளான் டியூப், ஸ்டீல் ஃபிட்டிங், எங்கயும் சாதா ரப்பர் இல்ல. இதை ஏன் சொல்றேன்னா ஓசோனுக்கு ரப்பர்னா உயிர், இழுத்து மாட்டின ரப்பர் டியூப்ல கொஞ்ச நாள்லயே குறுக்கால வெடிப்பு வெடிப்பா விட்டுடும், வேற ஒரு கருவியோட இன்லெட் அப்படி பிளந்து நின்னதை நானே பாத்திருக்கேன்.

உள்ள வேலை நடக்குற விதம் ரொம்ப எளிமை. லோ பிரஷர் மெர்குரி லேம்ப், அதுலருந்து 253.7 நானோமீட்டர் வெளிச்சம், ஓசோன் யூவியை ரொம்ப பசியா உறிஞ்சுறது 255 நானோமீட்டர் கிட்ட, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து உக்காந்தது நமக்கு அடிச்ச லக்குன்னு தான் சொல்லணும். ஓசோன் இல்லாத காத்துல எவ்வளவு வெளிச்சம் வருது, ஓசோன் இருக்கும்போது எவ்வளவு வருது, ரெண்டையும் ஒப்பிட்டு பீர் லாம்பர்ட் விதில (வெளிச்சம் குறையுறதுலருந்து ஓசோன் அளவை சொல்ற விதி) போட்டா விடை. இதுல சூட்சுமம் செல்லோட, அதாவது வெளிச்சம் காத்தை ஊடுருவிப் போற சின்ன அறையோட, நீளத்துல தான் இருக்கு. எங்க ரேஞ்சுக்கு ஒரு சென்டிமீட்டர் செல் போட்டா எதிர்ப்பக்கம் போய் சேர்ற வெளிச்சம் பத்து லட்சத்துல ஒண்ணு ரெண்டு பங்கு தான், அதை எந்த டிடெக்டரும் நம்பி அளக்க முடியாது, அதனால ஒரு மில்லிமீட்டர் செல், அதுல கால்வாசி வெளிச்சம் வெளிய வரும், சொகுசா அளக்கலாம். இதுக்கு நேர்மாறா வெளிக்காத்துல 100 பிபிபி (பிபிபின்னா நூறு கோடில ஒரு பங்கு) அளக்குற மெஷின்ல 40 சென்டிமீட்டர் செல் வச்சா கூட வெளிச்சம் குறையுறது ஆயிரத்துல ஒரு பங்கு தான். ஆக ரெண்டும் ஒரே தத்துவம்னாலும் ஒண்ணை வச்சு இன்னொண்ணோட வேலையை பண்ண முடியாது, "ஒரே மெஷின்ல ரெண்டையும் பாத்துக்கலாமா"ன்னு கேக்குறவங்க இதை கவனிங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன். லேம்ப் சூடாக நாப்பது நிமிஷம் விட்டு, சுத்தமான ஆக்ஸிஜன்ல ஜீரோ வச்சு, ஜெனரேட்டரை ஆன் பண்ணா டிஸ்பிளேல 91. அதே நேரத்துல பக்கத்துல டைட்ரேஷன், 96.5. ஐஞ்சரை கிராம் வித்தியாசம். திரும்ப எடுத்தோம், மெஷின் 91, டைட்ரேஷன் 96 சொச்சம். என் கூட வேலை பாக்குற பையன் "அக்கா, மெஷின் புதுசு, சர்டிஃபிகேட் இருக்கு, நம்ம தையோசல்ஃபேட் தான் வீக் ஆயிருக்கும்"னான். வீக்கான தையோசல்ஃபேட்னா மில்லி ஜாஸ்தி செலவாகும், ரீடிங் ஏறும், அவன் சொன்னதுல லாஜிக் இருந்துச்சு, அதனால ஒரு நாள் முழுக்க டைக்ரோமேட் வச்சு ஸ்டாண்டர்டைஸ் பண்ணோம். தையோசல்ஃபேட் குத்துக்கல்லாட்டம் 0.1ல நின்னுச்சு.

ரெண்டாவது நாள் மேனுவலை கடைசி பக்கம் வரைக்கும் படிச்சப்போ தான் ஒரு மெனு சிக்குச்சு. இந்த மெஷின் டிஸ்பிளேல "கிராம், கன மீட்டர்"னு மட்டும் தான் காட்டுது, நார்மல் கன மீட்டரா சும்மா கன மீட்டரான்னு சொல்லவே இல்ல. ஃபேக்டரி செட்டிங்ல அது சும்மா கன மீட்டர், அதாவது செல்லுக்குள்ள அப்போ என்ன வெப்பநிலையோ என்ன அழுத்தமோ அதுலயே உள்ளது. யூவி வெளிச்சம் தன் வழில எத்தனை ஓசோன் மூலக்கூறு குறுக்க நிக்குதுன்னு தான் எண்ணும், காத்து சூடாகி விரிஞ்சா அதே இடத்துல மூலக்கூறு குறைவு, ரீடிங் குறைவு. செல் 27 டிகிரில இருந்துச்சு, 0 டிகிரிக்கு மாத்தினா 300 வகுத்தல் 273, 91ங்கிறது 100 ஆயிடுது. பத்து சதவீதம் கிட்ட அப்படியே ஒரு செட்டிங்ல ஒளிஞ்சுட்டு இருந்திருக்கு. ஜெனரேட்டர் விக்கிறவங்க ஸ்பெக் குடுக்குறது நார்மல் கன மீட்டர்ல, இவங்க மெஷின் காட்டுறது வேற ஒண்ணுல, அதை மெனுவுல நாலாவது அடுக்குல கொண்டு போய் வச்சா யாரு பாப்பாங்க? இதுக்கே ஒரு ஸ்டார் கட்.

ஆனா இங்க தான் எனக்கே ஒரு குட்டு விழுந்துச்சு. மெஷின் இப்போ 100, டைட்ரேஷன் 96.5, இப்போ நம்ம ரீடிங் கீழ போயிடுச்சு! நேத்து வரைக்கும் மேல இருந்தது இன்னிக்கு கீழ. பையன் ஒண்ணும் சொல்லல, சிரிப்பை அடக்கிட்டு பாட்டில் கழுவினான்.

தப்பு எங்கன்னா வெட் டெஸ்ட் மீட்டர்ல. பாட்டில் ரெண்டையும் தாண்டி வர்ற காத்தோட கொள்ளளவை அளக்குறது அது தான், உள்ள தண்ணி இருக்கும், அதுல சுத்தி வர்ற காத்து ஈரத்தோட நிறைஞ்சு தான் அளவாகுது. 27 டிகிரில தண்ணியோட ஆவி அழுத்தம் 26.7 மில்லிமீட்டர் மெர்குரி, மொத்த அழுத்தம் 760ல அது மூணரை சதவீதம். அதாவது மீட்டர் ஒரு லிட்டர்னு காட்டுறதுல மூணரை சதவீதம் வெறும் நீராவி, அது ஜெனரேட்டர்லருந்து வந்ததே இல்ல. வெப்பநிலைக்கு நான் திருத்தம் போட்டிருந்தேன், ஈரத்துக்கு போடல, இத்தனை வருஷமா போடல, ஏன்னா எங்களுக்கு கைமாத்தி வந்த எக்செல் ஷீட்ல அதுக்கு கட்டமே கிடையாது. போட்டு பாத்தா ஒரு லிட்டர்ங்கிறது 0.878 நார்மல் லிட்டர், பியூரெட்ல போனது 36.6 மில்லி, பெருக்கல் 2.4, வகுத்தல் 0.878, விடை 100. மூணு தடவை திரும்ப எடுத்தோம், 36.5, 36.7, 36.6. மெஷினும் 99.8லருந்து 100.3 வரைக்கும் ஆடிட்டு நின்னுச்சு. அன்னிக்கு யாருக்கு சந்தோஷம் ஜாஸ்தின்னு சொல்ல மாட்டேன்.

ஒரு சந்தேகம் வரும், ஓசோனை அயோடைடு பிடிச்சுக்குதே, அப்போ மீட்டருக்கு போற கொள்ளளவு குறையாதான்னு. குறையாது. ஒரு ஓசோன் உள்ள போனா ஒரு ஆக்ஸிஜன் வெளிய வருது, எண்ணிக்கை அப்படியே தான். நாங்க அதையும் சந்தேகப்பட்டு ஒரு மத்தியானம் வீணாக்கினோம், நீங்க பண்ணாதீங்க.

இதே மாதிரி அழுத்தத்தையும் ஒரு தடவை நீங்களே சோதிச்சு பாத்துடுங்க. அந்த வெப்பநிலை, அழுத்தத் திருத்தத்தை (காம்பன்சேஷன்) ஆஃப்ல வச்சுட்டு, மெஷினோட வென்ட் டியூபை (காத்து வெளிய போற குழாய்) ரெண்டு விரலால லேசா மடக்கினேன், ஜெனரேட்டர்ல எதையும் தொடல, ஆனா 91 மெல்ல ஏறி 94 கிட்ட போச்சு, விட்டதும் திரும்ப 91. செல்லுக்குள்ள அழுத்தம் மூணு சதவீதம் ஏறினா ரீடிங்கும் மூணு சதவீதம் ஏறும், அவ்வளவு தான் விஷயம். காம்பன்சேஷனை ஆன் பண்ணிட்டு அதே மாதிரி மடக்கினா அசையல. அந்த வரைக்கும் உள்ள இருக்குற பிரஷர் சென்சார் நல்ல சென்சார், இதுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல சென்சாரை உள்ள வச்சுட்டு அதை ஆஃப் பண்ணி அனுப்புறது என்ன புத்தின்னு தான் புரியல.

சர்வீஸ் பத்தி. காலிப்ரேஷன் சர்டிஃபிகேட் ஒரு பக்கம், பளபளன்னு முத்திரை, "டிரேசபிள்"னு பெருசா போட்டிருக்கு, ஆனா எந்த வெப்பநிலைக்கு கணக்கு, எந்த உறிஞ்சல் மதிப்பை வச்சாங்க, ஒண்ணும் இல்ல. மெயில் போட்டேன், சீரியல் நம்பர் கேட்டாங்க, குடுத்தேன், திரும்ப சீரியல் நம்பர் கேட்டாங்க. நாலாவது மெயில்ல யாரோ விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கைக்கு போயிருக்கும் போல, ஒரே வரில பதில் வந்துச்சு, மோலார் உறிஞ்சல் கெழு (ஓசோன் எவ்வளவு வெளிச்சம் உறிஞ்சும்ங்கிற எண்) 3000, லிட்டருக்கு மோல், சென்டிமீட்டர் கணக்குல. இது முக்கியம், ஏன்னு சொல்றேன். இந்த 3000ங்கிறது 1961ல ஹெர்ன்ங்கிற ஆய்வாளர் அளந்து சொன்ன மதிப்பு, பல வருஷமா உலகம் முழுக்க ஓடினது இது தான். 2019ல பல அளவியல் ஆய்வகங்களோட அளவுகளை எல்லாம் சேர்த்து அலசி புது மதிப்பு ஒண்ணு ஒத்துக்கிட்டாங்க, இந்த அலகுல சொன்னா 2963 வரும். அதாவது பழைய கணக்குல ஓடுற மெஷின் ஒரு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல குறைச்சு காட்டும். எங்க வேலைக்கு அந்த ஒரு சதவீதம் உயிர் போற விஷயம் இல்ல, டைட்ரேஷன்லயே அந்த அளவுக்கு ஆட்டம் இருக்கு, அதனால மேல நான் 100க்கு 100ன்னு பொருந்துச்சுன்னு சொன்னதை வச்சு எதையும் நிரூபிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. ஆனா வெளிக்காத்து ஓசோனை வருஷக்கணக்கா தொடர்ந்து பதிவு பண்றவங்களுக்கு இது பெரிய தலைவலி, பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே கோட்டுல வராது.

சொல்லப்போனா அயோடைடு, யூவி ரெண்டுக்கும் நடுவுல இந்த சண்டை புதுசு இல்ல. 1840ல ஓசோனுக்கு பேர் வச்ச ஷோன்பைன்ங்கிற வேதியியலாளர் ஸ்டார்ச்சும் அயோடைடும் தடவின காகிதத்தை வச்சு தான் அதை தேடினார், அது எவ்வளவு நீலமாகுதுன்னு கண்ணால பாத்து. வெளிக்காத்து அளக்குற கருவிகளை காலிப்ரேட் பண்ண அமெரிக்காவோட இபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) வச்சிருந்ததும் பொட்டாசியம் அயோடைடு கரைசல் முறை தான், 1979ல அதை விட்டுட்டு யூவி ஃபோட்டோமெட்ரிக்கு மாறினாங்க. ஒரு பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கூட இல்லாத அளவுகள்ல அயோடைடு சொதப்பும், அது உண்மை. ஆனா எங்கள மாதிரி சதவீதக் கணக்குல ஓசோன் இருக்குற இடத்துல கவனமா பண்ணா அது இன்னமும் நல்ல முறை தான், தராசு, பியூரெட், காத்து அளக்குற மீட்டர்னு இதுங்களை நம்பி நிக்கிற முறை, சாஃப்ட்வேர் மெனு கிடையாது.

அயோடைடுக்கு ஒரு பலவீனம் இருக்கு, அதையும் சொல்லணும். ஃபீட் ஆக்ஸிஜனா இல்லாம சாதா காத்தா இருந்தா ஜெனரேட்டருக்குள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் கொஞ்சம் உருவாகும், காத்தை சரியா உலர்த்தலன்னா இன்னும் மோசம், அதுங்களும் அயோடின் கிளப்பும், ஓசோன் ஜாஸ்தின்னு பொய் சொல்லும். யூவிக்கு அந்த தொல்லை ரொம்ப கம்மி. அதுக்கு எதிரி வேற, யூவி உறிஞ்சுற ஆர்கானிக் ஆவி, மெர்குரி ஆவி, செல்லோட ஜன்னல் கண்ணாடில படியுற அழுக்கு. ஏர் ஃபீட்ல ஓடுறவங்க ரெண்டும் பொருந்தலன்னா உடனே மெஷினை திட்டாதீங்க.

இனி நான் பண்ண கூத்து. ஒரு நாள் மெஷினோட வென்ட்டையே நேரா அயோடைடு பாட்டில்ல சொருகினேன், ஒரே காத்தை ரெண்டுலயும் அளக்கலாமேன்னு ஆசை. நடுவுல காலி பாட்டில் ஒண்ணு டிராப்பா வைக்கணும், வைக்கல, சோம்பல். ஜெனரேட்டரை ஆஃப் பண்ணதும் லைன் ஆறி சுருங்கி, பாட்டில்லருந்து பழுப்பு கரைசல் டியூப்ல ஏறுறது கண்ணு முன்னாடி தெரியுது, கை போறதுக்குள்ள செல்லுக்குள்ள போயிடுச்சு. ஒரு மில்லிமீட்டர் இடைவெளில அயோடைடு. அந்த செல்லை கழட்டி, குவார்ட்ஸ் ஜன்னலை டிஸ்டில்டு வாட்டர்ல பல தடவை அலசி, முழுசா உலர விட்டு, மறுபடி ஜீரோ வச்சு, ரெண்டு நாள். இதுல மெஷினுக்கு ஒரு நல்ல மார்க் போடணும், நாலு ஸ்க்ரூ கழட்டினா செல் தனியா கையோட வந்துடுது, ஜன்னலோட ஓ ரிங்கும் வைட்டான், எதுவும் ஊறி உப்பல. டிசைன் பண்ண ஆள் என்னை மாதிரி ஒருத்தியை ஏற்கனவே பாத்திருப்பார்.

ஜீரோ பத்தி சுருக்கமா, வாரத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும், அரை கிராமுக்குள்ள தான் நகருது. லேம்ப் இன்னும் மாத்தல.

வாங்க நினைக்கிறவங்க மெஷினோட சேர்த்து ஓசோன் டிஸ்ட்ரக்ட் யூனிட்டும் (வெளிய போற ஓசோனை அழிக்கிறது) போட்டுடுங்க, மாங்கனீசு டையாக்சைடு கேட்டலிஸ்ட் வச்சது. நார்மல் கன மீட்டருக்கு 100 கிராம்னா 46,000 பிபிஎம்முக்கு மேல. அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா எட்டு மணி நேர வேலைக்கு வச்சிருக்குற வரம்பு 0.1 பிபிஎம், 5 பிபிஎம்மை உடனடி ஆபத்துன்னு அங்க இருக்குற வேலையிட சுகாதார ஆய்வு அமைப்பு நயோஷ் சொல்லுது. வென்ட்லருந்து வர்றது கொஞ்சம் தானேன்னு மேசை மேல விட்டுட்டு உக்காந்தா முதல்ல வாசனை தெரியும், கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும், வாசனை போயிடுச்சுன்னா ஓசோன் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மூக்கை மீட்டரா வச்சு வேலை பாத்த ஒரு சீனியர் எங்க கிட்ட இருந்தார், சாயங்காலம் ஆனா இருமிட்டே போவார்.

மார்க்னு கேட்டா ஐஞ்சுக்கு மூணரை. அளக்குற வேலையை ஒழுங்கா பண்ணுது, எட்டு பாயின்ட் எடுக்க இப்போ ஒரு மணி நேரம் கூட ஆகல. குறைச்ச ஒன்றரைல ஒண்ணு அந்த அலகு விஷயத்துக்கு, அரை சர்டிஃபிகேட்டுக்கும் சீரியல் நம்பருக்கும். டைட்ரேஷன் பழக்கம் இல்லாத லேப்னா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆள் அதை கத்துக்கோங்க, இல்லன்னா 91ஐ பாத்து ஜெனரேட்டர் வித்தவர்கிட்ட போய் சண்டை போட்டுட்டு இருப்பீங்க, அவர் மேல தப்பே இருக்காது.

நாங்க இப்போ மாசத்துக்கு ஒரு தடவை பியூரெட்ல சரி பாக்குறோம். எக்செல் ஷீட்ல ஈரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தாச்சு. டிஸ்பிளேக்கு மேல ஒரு வெள்ளை டேப், அதுல மார்க்கர்ல "நார்மல் கன மீட்டர், 0 டிகிரி"ன்னு எழுதியிருக்கு, ஒட்டினது பையன். வெட் டெஸ்ட் மீட்டர் மேலயும் அதே கையெழுத்துல ஒண்ணு ஒட்டியிருக்கான், "அக்கா, ஈரம்".